விண்ணப்பத்தில் இல்லாத ஐந்து வருடம்

ஜூன் 4

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை.

இந்த உறையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, என் மருத்துவக் கல்லூரியில் எனக்குப் பதிலாக மதிப்பெண் பட்டியலை வாங்க உனக்கு அதிகாரம் தரும் கடிதம். அசல் கையெழுத்து இருந்தால்தான் தருவார்களாம், அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன். பட்டியலை அவர்களே உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தர வேண்டும். நீ அதைத் திறக்கக் கூடாது. இன்னொன்று, என்னைப் பற்றி நான் எழுதிய அறிமுகக் கட்டுரை. அதை எங்கள் மருத்துவப் பேராசிரியரிடம் காட்டி ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கித் தர முடியுமா?

எதற்கு என்று உனக்குத் தெரிய வேண்டும். இங்கே நான் டாக்டர் இல்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க, தேர்வுகளை எழுதி முடித்த பிறகும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வருட ரெசிடென்சிப் பயிற்சிக்கு இடம் கிடைக்க வேண்டும். தேர்வுகளை எழுதி முடித்துவிட்டேன். இடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. இது மூன்றாவது முறை. அடுத்த வருடத்தோடு என் தேர்வுகளின் காலக்கெடு முடிகிறது. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்கு முப்பத்தொன்பது வயது. எழுத மாட்டேன்.

உன் அண்ணனை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். என் காரியத்தை நானே கேட்பதுதான் முறை. நாம் பேசி இரண்டு வருடமாகிறது என்பது நினைவிருக்கிறது. நான் கடைசியாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத இடமில்லை.

அண்ணி


ஜூன் 20

அண்ணி அவர்களுக்கு,

இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது. நானே நிரப்புகிறேன். "பஸ் கம்பெனியிலயே வேலை. டிக்கெட் எடுக்க வேணாம். ஒன்றரை மணி நேரம்தான். அஞ்சு வருஷத்துல உங்கம்மாவைப் பார்க்க எத்தனை தடவை பஸ் ஏறினே?" அம்மா இறந்த மறு வாரம், வீட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டீர்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான். இனி வேலையைப் பார்ப்போம்.

மதிப்பெண் பட்டியல் கிடைத்துவிட்டது. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியைத் தேடியே பாதி நாளைக் கழித்தார். கண்ணாடி அவர் தலையில்தான் இருந்தது, நான்தான் சொன்னேன். அந்த நன்றியில் முத்திரையை இரண்டு முறை குத்திக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் பேராசிரியரையும் பார்த்தேன். "ஓ, ரொம்ப நல்ல பொண்ணு" என்றார். "எந்த வருஷம்?" என்று அடுத்து கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே அடித்து வைத்திருந்த கடிதங்களில் ஒன்றை உருவி உங்கள் பெயரை நிரப்பினார். வெளியே வந்து படித்தேன். முதல் பத்தியில் நீங்கள் பெண். இரண்டாம் பத்தியில் ஆண். மூன்றாம் பத்தியில் நீங்கள் கல்லூரிக் கிரிக்கெட் அணித் தலைவர். அதை நான் அனுப்பவில்லை. வேண்டுமென்றால் சொல்லுங்கள், சிரிப்பதற்காக அனுப்புகிறேன்.

உங்கள் கட்டுரையையும் படித்தேன். படிக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. அண்ணி, நான் பஸ் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஓட்டுநர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களை ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்தில் படித்து, இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் வைப்பதுதான் என் வேலை. "சிறு வயது முதலே என் கனவு" என்று ஆரம்பித்தால் அங்கேயே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். உங்களுடையது அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அது போகட்டும். படித்து முடித்து, வேலை பார்த்து, அதன் பிறகு ஐந்து வருடம் ஒன்றுமே இல்லை. "குடும்பக் காரணங்கள்" என்று இரண்டு சொல். ஓட்டுநர் ஒருவர் ஐந்து வருடத்துக்கு அப்படி எழுதினால் நான் முதலில் நினைப்பது ஜெயில். அடுத்தது குடி.

எத்தனை ஆஸ்பத்திரிகளுக்குப் போட்டீர்கள்? எல்லாவற்றுக்கும் இதே கட்டுரையா? கடிதம் கொடுத்தவர்கள் யாராவது உங்களை வேலை செய்யும்போது பார்த்தவர்களா? பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேரும் குறுக்கே பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


ஜூலை 7

நாத்தனாருக்கு,

பட்டியலுக்கு நன்றி. பேராசிரியர் கடிதத்தை அனுப்ப வேண்டாம். நான் கிரிக்கெட் பார்த்ததுகூட இல்லை.

உன்னிடம் கேட்டது இரண்டு காரியம். கட்டுரையில் மூக்கை நுழைக்கச் சொல்லவில்லை. ஆனால் கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நூற்றிருபது இடங்களுக்குப் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டுரை. கடைசி நாளில்தான் அனுப்பினேன், கடிதங்கள் வந்து சேரவில்லை. ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. இரண்டாம் வருடம் ஒன்று வந்தது. "இந்த ஐந்து வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "குடும்பக் காரணங்கள்" என்றேன். கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறேன். காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியோடு அறை அறையாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பிக் குத்துவது என் உத்தியோகம். மகளின் பள்ளியில் "உங்கம்மா என்ன வேலை?" என்று கேட்டதற்கு "எல்லாரையும் அழ வைக்கிற வேலை" என்று சொல்லியிருக்கிறாள். உன் அண்ணன் இரண்டு நாள் சிரித்தார்.

போன மாதம் ஒரு நோயாளிக்குக் குத்திய இடத்தில் ரத்தம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. முந்தின நாள் அப்படி இல்லை. முழங்கைக்குக் கீழே புதிதாகச் சிவப்புப் புள்ளிகள். ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன போலிருக்கிறது, பாருங்கள் என்று நர்ஸிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் வார்டு டாக்டர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நெட்டை டாக்டர் என்று எல்லோரும் அவரை அழைக்கிறார்கள், பெயர் வைத்தது நான் இல்லை. "யார் நீங்கள்?" என்றார். ரத்தம் எடுப்பவள் என்றேன். "அதற்கு முன்?" என்றார். சொன்னேன். அன்று முதல் என் வேலை முடிந்த பிறகு அவர் வார்டைச் சுற்றும்போது கூட வரச் சொல்லியிருக்கிறார். சம்பளம் கிடையாது. நோயாளியைத் தொட அனுமதி கிடையாது. ஆனால் ஒவ்வொருவரைப் பற்றியும் என்ன நினைக்கிறேன் என்று கேட்கிறார். ஐந்து மணி நேரம் நின்றாலும் கால் வலிப்பது தெரியவில்லை.

கட்டுரை விஷயம். அந்த ஐந்து வருடத்தை நான் எழுத மாட்டேன். அதை எழுதினால் நீ உள்ளே வருவாய். உன்னிடம் நேரே கத்தினேன், அது வீட்டுக்குள் நடந்தது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அண்ணி


ஜூலை 25

அண்ணிக்கு,

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். திட்டுவதென்றால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த சிறுநீரக டாக்டரைப் பார்க்கப் போனேன். நோயாளிகளுக்கான வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். பேச்சு அப்படியே எழுதுகிறேன்.

"என்ன தொந்தரவு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். உங்ககிட்ட அஞ்சு வருஷம் பார்த்துக்கிட்ட பேஷன்டோட பொண்ணு நான்" என்று அம்மா பெயரைச் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "அவங்க பொண்ணு எனக்கு நல்லாத் தெரியுமே. டாக்டர் பொண்ணு. உயரமா இருப்பாங்க."

"அவங்க மருமக."

"மருமகளா?" என்றார். "அஞ்சு வருஷமா பொண்ணுன்னே நெனச்சிட்டிருந்தேன். உங்கம்மாவும் 'எம்பொண்ணு'ன்னுதானே சொல்லுவாங்க. அப்போ நீங்க...?"

"நான்தான் பொண்ணு."

இதை எழுதும்போது எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

பிறகு அவர் சொன்னார். எனக்குத் தெரிந்தது அம்மா வயிற்றில் ஒரு குழாய் இருந்தது, அதில் ஏதோ திரவத்தை விட்டு எடுப்பீர்கள் என்பதுதான். நாளைக்கு நான்கு முறை என்று தெரியும். ஐந்து வருடத்துக்குக் கணக்கு போட்டதில்லை. ஏழாயிரத்து முந்நூறு முறை, அண்ணி. அவர்தான் காகிதத்தில் பெருக்கிக் காட்டினார். அதில் ஒரு முறை கை சுத்தமாக இல்லாவிட்டாலும் கிருமி உள்ளே போய்விடுமாம். ஒரு முறைகூடப் போகவில்லை. "என் வார்டுல, என் நர்ஸுங்கள வச்சுக்கிட்டு, என்னால இது முடிஞ்சதில்ல" என்றார். அம்மாவின் எடை நானூறு கிராம் கூடியதைப் பார்த்து, மூச்சு வாங்குவதற்கு முந்தியே அவரைக் கூப்பிட்டீர்களாம். சனிக்கிழமைகளில் அவருடைய ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து பதினோரு குடும்பங்களுக்கு அதே வேலையைக் கற்றுக் கொடுத்தீர்களாம். இதில் எதையாவது எங்கள் யாரிடமாவது வாயைத் திறந்து சொன்னீர்களா? அண்ணனுக்காவது தெரியுமா?

நான் கேட்பதற்கு முன்னால் அவரே கடிதம் எழுதுவதாகச் சொன்னார். இழுப்பறையைத் திறக்கவில்லை. வெள்ளைத்தாளை எடுத்து, வெளியே இருந்த நோயாளிகளைக் காக்க வைத்து, எழுதினார். அதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன், நீங்கள் படிக்க நகல் தனியாக.

ஜெயில் என்று எழுதினேன் அல்லவா? அதற்கு மன்னியுங்கள். இது ஐந்து வருட இடைவெளி இல்லை. நான் பார்த்த விண்ணப்பங்களிலேயே பெரிய அனுபவம் இதுதான், அதைப் போய் மறைத்து வைத்திருக்கிறீர்கள். எழுதுங்கள். அதில் நான் வந்தால் வருகிறேன். நான் செய்யாததை எழுதினால் எனக்கு என்ன குறைந்துவிடும்? நீங்கள் செய்ததை எழுதாவிட்டால் உங்களுக்கு எல்லாமே போய்விடும்.

நாத்தனார்


ஆகஸ்ட் 15

பட்டாசுக்கு,

முதலில் கோபம்தான் வந்தது. கடிதத்தை மடித்துத் தள்ளுவண்டியில் பஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டு மூன்று மாடி ரத்தம் எடுத்தேன். பிறகு துணி மாற்றும் அறையில் உட்கார்ந்து டாக்டர் எழுதியதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு எழுதி நான் படித்ததில்லை. நான் அதையெல்லாம் வைத்தியம் என்று நினைக்கவில்லை. அத்தைக்குச் செய்தேன், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

நெட்டை டாக்டரிடம் காட்டினேன். "இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" என்று என்னைத் திட்டினார். தானும் கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர் ஒருவர், இங்கே இருப்பவர் ஒருவர், இரண்டு பேருமே என் கையைப் பார்த்தவர்கள். உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிகிறது.

இந்த முறை நூற்றிருபது இல்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இப்போது பயிற்சியில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இருக்கிறார்களா, என்னைப்போல் படித்து முடித்துப் பல வருடம் ஆனவர்கள் இருக்கிறார்களா என்று. சிலருக்கு எழுதினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ஒரு அம்மாள் ஒரு மணி நேரம் பேசினாள், அவளுக்கு நாற்பத்திரண்டு வயதில் இடம் கிடைத்ததாம். இப்போது முப்பத்தெட்டு இடங்கள். விண்ணப்பம் திறக்கும் முதல் நாளே அனுப்பப் போகிறேன்.

இன்டர்வியூவுக்கு உன் அண்ணனை எதிரில் உட்கார வைத்துப் பழகுகிறேன். டை கட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார். நேற்று முதல் கேள்வியே "சாப்டாச்சா?" என்று கேட்டார். மகள் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டாள். இப்போது அவள்தான் கேள்வி கேட்கிறாள். அவள் சிரிப்பதே இல்லை, அதனால் நல்ல பழக்கம்.

கட்டுரையில் அந்தப் பத்தியை எழுதிவிட்டேன். உன் அனுமதி இல்லாமல் அனுப்ப மாட்டேன். இதுதான்:

"என் மாமியாரின் சிறுநீரகம் செயலிழந்தபோது, வாரத்துக்கு மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்காக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதா, அதை வீட்டிலேயே செய்வதா என்ற கேள்வி வந்தது. அவர் வீட்டில் இருக்க விரும்பினார். நான் வேலையை விட்டேன். மற்ற உறவினர்கள் தொலைவில் இருந்ததால் பொறுப்பு என்னுடையதாயிற்று. நோயாளி நன்றாக இருக்கும் நாளில்தான் கவனம் குறையும் என்பதை அந்த ஐந்து வருடத்தில் கற்றேன்."

சரியா?

அண்ணி


செப்டம்பர் 1

அண்ணி,

என்னைப் பழைய செல்லப் பெயரில், பட்டாசு என்று எழுதியிருந்தீர்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு. அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன்.

பத்தி நன்றாக இருக்கிறது. கடைசி வரிக்கு நான் ஆளே எடுத்துவிடுவேன். ஒரு வரியை மட்டும் அடியுங்கள். "மற்ற உறவினர்கள் தொலைவில் இருந்ததால்." ஒன்றரை மணி நேரம் தொலைவு இல்லை. பொய் ஒன்று இருந்தால் படிக்கிறவனுக்கு மொத்தமும் சந்தேகமாகிவிடும். "பொறுப்பை நான் ஏற்றேன்" என்று போடுங்கள், போதும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்றால், பதினாறு. முதல் வருடத்திலேயே பதினொன்று. மீதி நான்கு வருடத்துக்கு ஐந்து.

முதல் வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தேன். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். திரவம் மாற்ற மணி ஆகிவிட்டது என்று அம்மா சொன்னாள். நானே மாற்றிவிடலாம், உங்களுக்கு ஒரு வேளையாவது ஓய்வு கிடைக்கட்டும் என்று பையை எடுத்து, குழாயின் மூடியைத் திறந்துவிட்டேன். கை கழுவவில்லை, முகத்தை மூடவில்லை. எனக்குத் தெரியாது. ஈரத் தலையோடு ஓடி வந்து "கையை எடு! தொடாதே!" என்று கத்தினீர்கள். என் கையைத் தட்டிவிட்டீர்கள். நீங்கள் கத்தியது சரிதான் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம், பெற்ற தாயைத் தொட எனக்குத் தகுதியில்லை என்பதுதான்.

அதற்குப் பிறகு பஸ் நிலையம் வரைக்கும் வருவேன். பஸ்ஸில்கூட உட்கார்ந்திருக்கிறேன். நான் போய்த் தப்பாக எதையாவது தொட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இறங்கிவிடுவேன். பிறகு அதுவே எனக்கு வசதியான காரணமாகவும் ஆகிவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். பயம் பாதி. சோம்பல் பாதி. நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்ற தைரியம் முழுசாக.

இது கட்டுரைக்கு இல்லை. உங்களுக்கு.

பட்டாசு


ஜனவரி 18

பட்டாசுக்கு,

உன் கடிதத்துக்கு நாலு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நடுவில் போனில் விண்ணப்பம் போனதா, இன்டர்வியூ வந்ததா என்று மட்டும் பேசிக்கொண்டோம், அது வேறு.

ஏழு இடத்தில் கூப்பிட்டார்கள். ஏழு! விண்ணப்பத்தில் அந்தப் பத்தியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் என்னைப் பேச விட்டு, குறிப்பெடுத்துக்கொண்டார், அவருடைய நோயாளிகளுக்காகவாம். பேனாவை மூடி வைத்தவர்களை மட்டுமே பார்த்த எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

நேற்று கடைசி இன்டர்வியூ. ஏழில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சின்ன ஆஸ்பத்திரி. நடைபாதையில் நடந்துபோன பயிற்சி டாக்டர்கள் துப்புரவு செய்கிறவரின் பெயரைச் சொல்லிப் பேசினார்கள். அதைப் பார்த்ததும் இங்கேதான் என்று மனசு சொல்லிவிட்டது. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா அதுவரை பேசாமல் இருந்தார். கடைசியில் கேட்டார்: "ஒரு கிருமிகூட நுழையவிடவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நல்லது. அந்த ஐந்து வருடத்தில் நீங்கள் செய்த தவறு என்ன?"

இந்தக் கேள்விக்கு மகளோடு உட்கார்ந்து பதில் தயாரித்து வைத்திருந்தேன். மருந்துச் சீட்டை ஒரு முறை தப்பாகப் படித்தேன், உடனே கண்டுபிடித்தேன், அன்று முதல் இரண்டு முறை சரிபார்க்கிறேன் என்று. அழகான பதில். வாயைத் திறந்தால் அது வரவில்லை.

"பதினோரு குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். நோயாளியின் சொந்த மகளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை" என்றேன். "ஒரு நாள் அவள் உதவி செய்ய வந்தாள். தப்பாகச் செய்தாள். முன்பின் தெரியாதவர்கள் அதே தப்பைச் செய்தபோது கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். அவளைக் கத்தி விரட்டினேன். அதன் பிறகு அவள் அரிதாகத்தான் வந்தாள். அவள் வரவில்லை என்று அவள்மீதே பழியும் போட்டேன். நோயாளி மகளை எதிர்பார்த்துக்கொண்டே நாலு வருடம் இருந்தார். அதை எந்தக் குறிப்பேட்டிலும் நான் எழுதி வைக்கவில்லை."

அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் உன் அண்ணனிடம், கெடுத்துக்கொண்டேன் என்றேன். உண்மையிலேயே கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் முன்னாலேயே கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. இன்டர்வியூவில் அழுகிற டாக்டரை யார் எடுப்பார்கள்?

ஆனால் உன்னிடம் சொல்ல முடியாமல் நாலு மாதம் கிழித்ததை அவர்களிடம் சொல்லிவிட்டேன். இப்போது உன்னிடமும். நீ வராதது உன் தப்பு மட்டும் இல்லை. நான்தான் கதவில் நின்றேன்.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

இடம் கிடைத்ததா இல்லையா என்று இன்னும் பத்து நாளில் தெரியும் என்று அண்ணன் சொன்னான். இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் வரும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். முடிவு தெரிந்த பிறகு எழுதினால், அதைப் பார்த்துச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள்.

உங்கள் கடிதத்தை ஆபிசில் பிரித்தது என் முட்டாள்தனம். அழுததை எதிர் மேசைக்காரி பார்த்துவிட்டாள். விண்ணப்பதாரரின் கையெழுத்து மோசம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன வாரம் ஒரு விண்ணப்பம் வந்தது. ஓட்டுநர். நாலு வருடம் "சொந்தக் காரணங்கள்." வழக்கமாக இடப்பக்கம் போக வேண்டியது. உங்களை நினைத்துக்கொண்டு, கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். ஆள் நிஜமாகவே ஜெயிலில்தான் இருந்திருக்கிறார். ஆனால் மறைக்காமல் சொன்னார், வண்டியையும் அருமையாக ஓட்டினார். எடுத்துக்கொண்டேன். இது உங்கள் வேலைதான், எனக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு.

நான் சொல்ல வந்தது இதுதான். பெரிய ஆட்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழாயிரம் முறை ஒரு காரியத்தைப் பிசகாமல் செய்துவிட்டு, தான் தவறவிட்ட ஒன்றை மட்டும் சொல்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. அதுவும் வேலை கேட்கப் போன இடத்தில்! அந்த நரைத்த தலை அம்மாளுக்கு அது புரியாவிட்டால் நஷ்டம் அவருக்கு.

இடம் கிடைக்காவிட்டாலும் நீங்கள் டாக்டர்தான். அம்மாவிடம் கேட்க முடியாது. என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன். உங்களை அண்ணி என்று கூப்பிடுவதில் எனக்கு இத்தனை பெருமை இருக்கும் என்று கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பட்டாசு


ஜூலை 2

பட்டாசுக்கு,

இடம் கிடைத்த அன்று போனில் நீ கத்திய கத்தலில் பாதி புரியவில்லை, மீதிப் பாதி அழுகை. அதனால் இதை எழுத்தில் வைக்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதுவது ஒரு பயிற்சி டாக்டர். கழுத்தில் அட்டை தொங்குகிறது. அதில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று அச்சடித்திருக்கிறார்கள். மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே யாரையும் அழ வைக்க மாட்டியா?" என்று கேட்டாள்.

நேற்றுதான் முதல் நாள். நரைத்த தலை அம்மாள்தான் எங்கள் தலைவி. என்னைப் பார்த்ததும், "உங்கள் வேலை இங்கே கற்றுக்கொள்வது மட்டும் இல்லை. வீட்டில் வைத்து நோயாளியைப் பார்க்கிற குடும்பங்களுக்கு வாரம் ஒரு நாள் கற்றுக்கொடுக்க வேண்டும். யாரையும் விட்டுவிடாமல்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நெட்டை டாக்டர் பூங்கொத்து அனுப்பியிருக்கிறார். ஊருக்குப் போன் போட்டு சிறுநீரக டாக்டரிடமும் சொன்னேன். அவர் நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டுப் பேசினார்.

காலை முழுக்கப் படிவங்கள். கையெழுத்து, தடுப்பூசி, சீருடை அளவு, கார் நிறுத்த அனுமதி. அலுவலகத்தில் இருந்த பெண் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே இருந்தாள். அதில் ஒரு படிவம், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. இரண்டு பேரை எழுத வேண்டும். முதல் வரியில் உன் அண்ணனை எழுதினேன். இரண்டாவது வரியில் உன்னை எழுதினேன்.

அவள் படித்துப் பார்த்தாள். "இந்த நம்பர் வெளிநாடு போலிருக்கிறதே?" என்றாள்.

"ஆமாம். என் கணவரின் தங்கை."

"பக்கத்தில் இருக்கிற யாரையாவது போடுங்களேன். இவ்வளவு தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் வருவாரா?"

"வருவாள்" என்றேன்.

அண்ணி